வெளிறிய நிறத்தைப் போடாதே, தாயி

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். புனேயில் மழை தொடங்கிவிட்டதா?

நீ கேட்ட தீப்பெட்டி லேபிள்களையும் காலண்டர் படங்களையும் எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன். முறுக்குப் பாக்கெட்டுக்கு அந்தக் காலத்து டிசைன் வேண்டும் என்று நீ அனுப்பிய மாதிரியையும் பார்த்தேன். வெளிறிய மஞ்சள், செங்கல் மாதிரி ஒரு சிவப்பு, கோட்டுக்கு வெளியே விலகி நிற்கும் வண்ணம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் யாரும் அப்படி அச்சடிக்க நினைக்கவில்லை தாயி. வெளிறியது வெயிலில், விலகியது மெஷினில். அச்சடித்தவர்கள் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் பாடுபட்டார்கள்.

கட்டின் மேலே ஒரு கிளி மார்க் லேபிள் இருக்கும். அதை முதலில் எடுத்துப் பார். வெயில் படாமல் டிராயரிலேயே கிடந்ததால் மஞ்சள் இன்னும் கண்ணைப் பறிக்கிறது. கிளியின் பச்சைக்குத் தனி மை கிடையாது. மஞ்சள் காய்ந்த பிறகு அதன் மேல் நீலம் ஏறியிருக்கிறது. லித்தோ என்கிற கல் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். நாலு நிறம் என்றால் அதே தாள் நாலு தடவை மெஷினுக்குள் போய்வர வேண்டும். நடுவில் ஈரக்காற்று அடித்துத் தாள் கொஞ்சம் நீண்டால் போதும், ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, போய்விடும். கிளியின் சிவப்பு மூக்கு முகத்தை விட்டு வெளியே நிற்கும். அப்படிப்பட்ட வேஸ்ட் ஒன்றும் கூடவே வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

பளிச்சென்று அடித்ததற்குக் காரணம் இருந்தது. தீப்பெட்டி வாங்க வந்த பலருக்கு எழுத்துத் தெரியாது. "கப்பல் ஒண்ணு குடுங்க" என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். கப்பல், ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய விம்கோ கம்பெனியுடையது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, சிவகாசிக்காரர்களும் அதே கடைப் பலகையில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. லேபிள் தேவைப்பட்டதால்தான் அங்கே அச்சகங்களே வளர்ந்தன. அதனால் பார்த்ததும் பேர் சொல்லக்கூடிய ஒரே ஒரு பொருளை நடுவில் வைத்தார்கள். உன் பாக்கெட்டில் கோபுரம், கோலம், மாட்டுவண்டி, மீசைக்காரர் எல்லாம் இருக்கிறார்கள். கடையில் வந்து எதைச் சொல்லிக் கேட்பது?

அப்புறம், தனி உறையில் இருக்கிற முருகன் படம் சி. கொண்டைய ராஜு (1898–1976) வரைந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். சாமிக்குப் பின்னால் இருக்கிற மலையையும் ஆகாயத்தையும் பார், நாடக மேடை தெரியும். முன்னால் முகத்துக்கு வா. கண் நேராக உன்னைத்தான் பார்க்கும். நகையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக மின்னும். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்துச் சாமி படத்தைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தார் என்றால், நம் பக்கத்துச் சுவர்களை நிறைத்தவர் ராஜுவும் அவருடைய சீடர்களும்தான். காலண்டர் படம்தானே என்று மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. வருஷம் முடிந்து தேதித்தாள் தீர்ந்த பிறகும், அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூவைத்துக் கும்பிட்டார்கள். கீழே காலியாக விட்ட பட்டையில் ஜவுளிக்கடை, மளிகைக்கடை பேரெல்லாம் போட்டது நம் அச்சகத்து டிரெடில் மெஷின், அந்தச் சின்ன அச்சு இயந்திரம். மார்கழியில் விடிய விடிய ஓடும், உனக்கே ஞாபகம் இருக்கும்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த முருகன் முகத்தை வெட்டி எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிடாதே. முறுக்கைத் தின்றுவிட்டுக் கீழே போடுவார்கள், காலில் மிதிபடும். நிறம் வேண்டுமா, எடுத்துக்கொள். கண் எழுதிய விதம், எழுத்துக்கு அடியில் நிழல் கொடுத்த விதம், அதையெல்லாம் கற்றுக்கொள். படத்தை உங்கள் ஆபீஸில் யாருக்காவது காட்டினால் ராஜுவின் பேரைச் சொல்லிக் காட்டு.

ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். லீவு கிடைத்தால் வா, மாட்டுத்தாவணியில் காலையிலேயே பஸ் ஏறிவிடலாம். அப்படியே கோவில்பட்டிக்கும் போய்வரலாம்.

பார்சல் நாளைக்குப் போகும். ஸ்கேன் எடுத்துவிட்டு லேபிள்களைத் திருப்பி அனுப்பு. நிறத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா