மூக்கில் வாசனை திரும்பி வந்த ஒரு வருடம்: உங்கள் எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நேரில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வராது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி மருந்துக்கடையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து கேட்டு மூன்றாவது வாரமாகப் போய் நின்றேன். "இதைத் தொடர்ந்து நாலஞ்சு நாளுக்கு மேல போடக் கூடாதுங்க, இப்ப மூக்கை அடைக்கிறதே இந்த மருந்தா இருக்கலாம், முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி பாட்டிலைத் தரவே இல்லை. அதற்கு முன் நான் பார்த்தவர்கள் எல்லோரும் சளிதான் என்று சொல்லி ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள், ஒருவர்கூட மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. வாசனை போய் அப்போதே நான்கு வருடம்.

அடுத்து டாக்டர். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். உரித்த திராட்சை போல வெளிறிப் பளபளவென்று இரண்டு பக்கமும் சதை தொங்கிக்கொண்டிருந்தது. பாலிப் என்றீர்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால்தான் புற்றுநோயோ என்ற சந்தேகம் அதிகம், இருந்தாலும் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று, நான் கேட்கத் தயங்கிய கேள்விக்கு நீங்களே பதில் சொன்னீர்கள். ஸ்கேன் படத்தில் கண்ணுக்கும் சைனஸ் என்ற காற்றறைக்கும் நடுவே காகிதம்போல இருந்த எலும்பைக் காட்டி, எங்கே ஆபத்து, எதற்காக அவ்வளவு கவனம் என்று விளக்கினீர்கள். ஆஸ்துமா உண்டா, ஆஸ்பிரின் போட்டால் மூச்சு இழுக்குமா என்றும் கேட்டீர்கள், ஏனென்றால் இவை இரண்டும் பாலிப்போடு சேர்ந்து இருந்தால் அது திரும்ப வளர வாய்ப்பு அதிகமாம்.

"அறுவை சிகிச்சை வழியைத் திறந்துவிடும், நோயை வேரோடு எடுக்காது, உள்ளே மருந்து போய்ச் சேர இடம் பண்ணிக் கொடுக்கிறோம்." அன்று நீங்கள் இப்படிச் சொன்னதைக் கேட்டு மனம் சோர்ந்துபோனது உண்மை. ஆனால் இந்த ஒரு வருடம் என்னைத் தாங்கியது இந்த வார்த்தைதான்.

நோய் எவ்வளவு படுத்துகிறது என்று அளக்க 22 கேள்விகள் இருந்த அந்தத் தாளையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 110, எண் கூடினால் தொந்தரவும் கூட. மூக்கடைப்பு மட்டுமில்லை, தூக்கம் எப்படி, பகலில் சோர்வு உண்டா, மனம் சோர்ந்துபோகிறதா என்றெல்லாம் இருந்தது. இரவில் வாயால் மூச்சு விட்டு, தொண்டை காய்ந்து எழுந்து உட்காருவதை நோயின் பகுதியாக யாரோ கணக்கில் எடுத்தார்களே என்று கண் கலங்கியது. அறுவை சிகிச்சைக்கு முன்பு எனக்கு 67, மூன்று மாதம் கழித்து 21. ஒன்பது புள்ளி குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பார்கள்.

சிஸ்டர், நீங்கள் தொட்டியின் முன் என்னைக் குனியவைத்து, வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லிக்கொண்டே உப்புநீரை மெதுவாக அழுத்தச் சொன்னீர்கள். முதல் நாள் பயந்தேன். மறுபக்கத்தில் நீர் வழிந்து, கூடவே உறைந்த பொருக்குகளும் வந்து விழுந்தபோது மூக்கு எனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, அதிலிருக்கும் அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போவது அபூர்வம்தான், ஆனால் போனால் உயிருக்கே ஆபத்து என்று மூன்று முறை சொன்னீர்கள். அப்புறம் பாலிப் திரும்ப வளராமலிருக்க மூக்கில் அடிக்கும் அந்த மருந்து ஸ்ப்ரே! வலது கையால் இடது மூக்குக்கு, இடது கையால் வலது மூக்குக்கு, நுனி காதைப் பார்த்து இருக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்துக்கொண்டிருந்ததால்தான் எனக்கு ரத்தம் வந்தது என்று உங்களால்தான் தெரிந்தது.

பக்கத்துப் படுக்கைப் பெரியவரே, உங்களுக்கு அது இரண்டாவது அறுவை சிகிச்சை. "நல்லாயிடுச்சுன்னு ஸ்ப்ரேயை நிறுத்தினேன் தம்பி, அதான் மறுபடி வந்து படுத்திருக்கேன்" என்றீர்கள். ஒரு நாள்கூட நான் நிறுத்தவில்லை ஐயா.

வாசனைப் பயிற்சிக்கு நான்கு சிறு பாட்டில்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை. காலையும் இரவும் முகர வேண்டும், பன்னிரண்டு வாரம். யூகலிப்டஸின் குளிர்ச்சி முதல் நாளே தெரிந்து துள்ளினேன், அது வாசனை இல்லை, வேறு நரம்பின் உணர்ச்சி என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி என்று தொடர்ந்தேன். என் மகள் பாட்டில்களில் எண் ஒட்டி, இடம் மாற்றி மாற்றி நீட்டுவாள். ஏழாவது வாரம் ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு "ரோஜா" என்றேன். அவள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அவள் அம்மாவை எழுப்பினாள்.

இன்னும் முழுசாக வரவில்லை, எலுமிச்சை மங்கலாகத்தான் தெரிகிறது. போன மாதப் பரிசோதனையில் வலது பக்கம் சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பயப்படவில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக என் மனைவிக்கு. எனக்கு கேஸ் கசிந்தாலும் தெரியாது என்பதால் தினமும் ராத்திரி எழுந்துபோய் அடுப்படியை முகர்ந்துவிட்டு வந்து படுப்பாய். இனிமேல் நான் போகிறேன், நீ தூங்கு.