கொக்கு போறான், காயிதம் ஒன்ட்ட இருக்கு

ஏல மாப்ள,

எப்படி இருக்க. கப்பல் இப்ப எங்கன நிக்குதுன்னு தெரியல, நெட்டு கெடைக்கும்போது பாரு. வாட்ஸப்ல துண்டு துண்டா அனுப்புனா பாதிய படிச்சுட்டு கட்டவெரல தூக்கி காட்டிட்டு போயிருவ, அதான் மெயில்ல மொத்தமா அடிக்கேன். அத்தைய பாத்தேன், முட்டுவலி இருக்கு, ஆனா சத்தத்துல ஒரு கொறையும் இல்ல, நான் இருக்கப்பவே மாமாவுக்கு ரெண்டு ஏச்சு விழுந்துட்டு. ஆத்துல தண்ணி கெடக்கு. வெயிலு மண்டைய பொளக்குது. இவ்வளவுதான் ஊர் நியூஸு, விசயத்துக்கு வாரேன்.

கொக்குவ எடுத்துட்டானுவ.

ஆமால, நம்ம கொக்குதான். வடக்க உள்ள ஒரு ப்ரொஃபஷனல் ஃபுட்பால் கிளப்பு, கையெழுத்து ஆவுத வரைக்கும் பேர எழுத மாட்டேன், கண்ணு பட்டுரும்னு அவங்க அம்ம என்ட்ட சத்தியம் வாங்கிட்டாவ. மூணு வருச காண்ட்ராக்டு, தங்க எடம் சாப்பாடு அவனுவளே பாத்துக்கிடுவானுவ, மொத வருசம் ரிசர்வ் டீம், நல்லா ஆடுனா மேல ஏத்துவோம்னு சொல்லிருக்கானுவ. பயலுக்கு இப்பதான் 19, மீசையே ஒழுங்கா மொளைக்கல. பேப்பர்ல லெஃப்ட் விங்கர்னு போட்டிருக்கத பாத்துட்டு "அண்ணே நான் லெஃப்ட் பேக்குல்லா"ங்கான். லெஃப்ட் பேக்காம்! வ.உ.சி. மைதானத்துல எந்த மேட்ச்லயாவது அவன் பின்னால நின்னு நீ பாத்திருக்கியா? கோச்சு தொண்ட கிழிய கத்துனாலும் நடுக்கோட்ட தாண்டி திரும்பி வர மாட்டானே அந்த மூதி.

ஏஜெண்டு ஒருத்தன் வந்தான். பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் நாம உக்காருவோம்லா, அதே பரோட்டா கடைலதான் பேச்சுவார்த்த. கொக்கு அப்பா லோடு எறக்கிட்டு நேரா வந்துட்டாவ, சாரத்த மடிச்சு கட்டிட்டு உக்காந்து காண்ட்ராக்ட்ட கைல வாங்கி ஒவ்வொரு பக்கமா திருப்புதாவ, இங்கிலீசு தெரியாது, ஆனா ஒரு பக்கத்தையும் விடல. ஏஜெண்டு போனஸு, இமேஜ் ரைட்ஸு, ரிலீஸ் கிளாஸுன்னு அளந்துக்கிட்டே போறான், நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுதேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவிய ஒரே ஒரு கேள்வி கேட்டாவ: "கால் ஒடஞ்சா சம்பளம் உண்டுமா?" அம்புட்டுதான். ஏஜெண்டு மடமடன்னு பக்கத்த பெரட்டுதான், கெடைக்கல, யாருக்கோ ஃபோன் போடுதான், சால்னா ஆறி மேல ஏடு படிஞ்சுட்டு. கடைசில ஒரு வரிய கண்டுபிடிச்சான், காயம் ரொம்ப நாளு நீண்டா கிளப்பு முடிவு பண்ணும்னு போட்டிருக்கு. என்ன முடிவுன்னு இல்ல. அந்த வரிய மாத்தி எழுதிட்டு வாங்க, கையெழுத்து போடுதோம்னு சொல்லிட்டு அவிய எந்திரிச்சுட்டாவ. பரோட்டாவுக்கு காசும் அவியளே குடுத்துட்டாவ, ஏஜெண்ட குடுக்க விடல.

இனி நம்ம டீம் கத. எடது பக்கம் பூரா காலி. கிறிஸ்மஸ் டோர்னமெண்டுக்கு ஆள் யாருன்னு இப்பமே சண்ட ஆரம்பிச்சாச்சு. குட்டையன் என்ன சொல்லுதான்னா கடக்கரைல இருந்து ரெண்டு கெஸ்ட் ப்ளேயர எறக்குவோம், இடிந்தகரைல ஒருத்தன் கூட்டப்புளில ஒருத்தன், பஸ் காசும் மேட்ச்சுக்கு ஐநூறும் குடுத்தா வந்துருவானுவ, கப்பு நமக்குத்தான்னு. கெஸ்ட்டு வந்தா கப்பு வரும், சரி, அடுத்த வாரம் அவனே எதிர்டீம் ஜெர்சிய போட்டுட்டு நமக்கு கோல் அடிப்பானே, அதுக்கு என்னல பதிலுன்னா சிரிக்கான். நான் சொல்லுதேன் நம்ம அண்டர் 17 பயலுவள்ல ஒருத்தன ஏத்துவோம், ஒரு வருசம் தோத்தா தோத்துட்டு போறோம். கோச்சு ரெண்டு பேருக்கும் தலைய ஆட்டுதாரு, அவரு சோலி அது.

ஒண்ணு சொல்லுதேன் கேளு. இங்கிலாந்துல டோட்டன்ஹாம் கிளப்பு 2013-ல கேரத் பேல்ங்க ப்ளேயர வித்துட்டு அந்த காச வச்சு ஏழு பேர வாங்குனானுவ, சோல்டாடோ, பவுலின்யோ, லமேலான்னு ஒரு பஸ்ஸு ஆளு. டிசம்பர்லயே கோச்ச தொரத்துனானுவ, லீக்ல ஆறாவது எடம். அந்த ஏழுல எரிக்சனும் லமேலாவும்தான் ரொம்ப வருசம் நின்னு வெளையாடுனானுவ. ஒருத்தன் போன எடத்துல ஏழு பேர நிறுத்துனா ஓட்ட அடையாது மாப்ள. லெஸ்டர் அதவிட மோசம். 2016-ல ப்ரீமியர் லீக் கப்ப வாங்குன டீம்ல வார்டி இருந்தான், மஹ்ரெஸ் இருந்தான், காண்டே ஒருத்தன் மட்டும் செல்சிக்கு போனான். சுமார் அஞ்சரை மில்லியன் பவுண்டுக்கு பிரான்ஸ்ல இருந்து வாங்குன ஆளு. அவன் போன அடுத்த வருசம் செல்சி சாம்பியன், லெஸ்டர் 12-வது, கோச்சு ரனியேரிய பிப்ரவரிலயே வீட்டுக்கு அனுப்பிட்டானுவ. கோல் அடிக்கவன் போனா எல்லாவனுக்கும் தெரியும். பந்த புடுங்கி குடுக்கவன் போனா தோத்ததுக்கு பெறவுதான் தெரியும். கொக்கு ரெண்டையும்லா பண்ணுனான், அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இப்ப என் தூக்கத்த கெடுக்குதது வேற. யூரோப்புல இந்த கணக்கு எப்படி போடுதானுவன்னு ஒனக்கு தெரியுமா? 100 மில்லியனுக்கு ஒருத்தன வாங்கி அஞ்சு வருச காண்ட்ராக்டு போட்டா புக்குல வருசத்துக்கு 20 மில்லியன்தான் செலவு. அதான் செல்சிக்காரன் முத்ரிக்குக்கும் என்சோவுக்கும் எட்டரை வருசம் போட்டான், செலவு இன்னும் கொறச்சு தெரியுமுன்னு, பெறவு யூரோப்பு ஃபுட்பால நடத்துத யூஃபாவும் ப்ரீமியர் லீக்கும் அஞ்சு வருசத்துக்கு மேல பிரிக்கப்படாதுன்னு மூடிட்டானுவ. ஆனா விக்கும்போது வார காசு அந்த வருசமே வரவு. அதுலயும் அகாடமில வளந்த பயலுக்கு வாங்குன வெலையே கெடையாது, அதனால வித்த காசு முச்சூடும் லாபம். வெல குடுத்து வாங்குன மாட்ட வித்தா பழைய கடன் போக மிச்சம்தான் கைக்கு வரும், வீட்டுல போட்ட கன்னுக்குட்டிய வித்தா அப்படியே மடில கட்டலாம்லா, அந்த கணக்குதான். மூணு வருசத்துல 105 மில்லியன் பவுண்டுக்கு மேல நட்டம் காட்டப்படாதுன்னு ரூல் வந்ததும் எல்லாரும் மொத கை வச்சது சொந்த பயலுவ மேல. செல்சிக்காரன் மவுண்ட உங்க மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு தள்ளுனான், கேலகர அட்லெட்டிகோ மேட்ரிட்டுக்கு அனுப்புனான். ஆறு, எட்டு வயசுல இருந்து அங்கயே கெடந்த பயலுவ. கேலரில பாட்டு பாடுதவனுக்கு அவன்தான் நம்ம பய, ஆபீஸ்ல கணக்கு எழுதுதவனுக்கு அவன்தான் வசமா விக்கக்கூடிய சரக்கு.

விக்காம வச்சிருந்தாலும் நட்டம்தான். லிவர்பூல்காரன் ட்ரெண்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட ஆறு வயசுல இருந்து வளத்தான். காண்ட்ராக்டு முடியப்போற நேரம் 2025-ல ரியல் மேட்ரிட் வந்தான், கிளப் வேர்ல்டு கப்புக்கு ஒரு மாசம் முந்தியே வேணும்னு சுமார் 10 மில்லியன் யூரோ குடுத்தான், இல்லன்னா அதுவும் கெடையாது. 1995-ல பாஸ்மன்ங்க ப்ளேயர் போட்ட கேஸுல யூரோப்பு கோர்ட்டு தீர்ப்பு வந்ததுல இருந்து காண்ட்ராக்டு முடிஞ்சவன யாரும் புடிச்சு வைக்க முடியாது. அது ஞாயம்தான், நான் இல்லன்னு சொல்லல, அந்த ஆளு பாஸ்மன் பட்ட பாட்டுக்கு அதாவது கெடைக்கட்டும். ஆனா வளத்தவன் எங்கன போவான்?

சிரிக்காத, எங்க ஆர்சனல் கத எனக்கே தெரியும். எஸிங்க பயல 13 வயசுல நீ சரிப்பட மாட்டன்னு அனுப்புனானுவ, 2025-ல டோட்டன்ஹாம் கைக்கு போயிட்டான்னு எல்லாரும் நெனைக்கும்போது ஓடிப்போயி 60 மில்லியன் பவுண்டுக்கு அதே பயல புடிச்சுட்டு வந்தானுவ. எங்க அகாடமில வளந்த ஸ்மித் ரோவ வித்தது இன்னும் நெஞ்ச அறுக்கு. ஆனாலும் நீ பேசாத. ஆன்டனிக்கு 80 மில்லியனுக்கு மேல குடுத்தவனுக்கு அடுத்தவன் டீம பத்தி பேச வாயே கெடையாது, இத நான் சாவுத வரைக்கும் சொல்லுவேன்.

வெளையாட்ட விடு. எனக்கு உண்மையிலயே பயமா இருக்கு மாப்ள. 2025 ஜூலைல இந்தியன் சூப்பர் லீக்க நிறுத்தி வச்சானுவளே, ஃபெடரேஷனுக்கும் லீக் நடத்துத கம்பெனிக்கும் அக்ரிமெண்டு புதுப்பிக்கலன்னு. ப்ளேயர் எல்லாம் காண்ட்ராக்ட கைல வச்சுக்கிட்டு லீக் இல்லாம நின்னானுவ, நம்ம சென்னையின் கிளப்பே வேலைய நிறுத்தி வச்சுட்டு. இந்தியா டீமுக்கு ஆடுனவனுக்கே அந்த கெதின்னா கொக்கு எம்மாத்திரம். காலேஜ நிப்பாட்டிட்டு போறான், ரெண்டாம் வருசம். கோச்சுட்ட கேட்டா கண்டனூர்ல இருந்து கெளம்புன சிவசக்தி பெங்களூரு எஃப்சிக்கு கோல் அடிக்கலியா, இவனும் அடிப்பான்ங்காரு. அடிப்பான், அடிக்க மாட்டான்னு நான் சொல்லல. கரஸ்லயாவது டிகிரிய முடிக்கட்டும்னு நான் சொன்னேன், அவங்க அம்ம கைய புடிச்சுட்டு "நீ சொன்னா கேப்பான், சொல்லு"ன்னாவ. சொன்னேன். சரிண்ணேன்னான். ஃபாரம் இன்னும் வாங்கல.

இப்ப ஒன் சோலி. ஃபீஃபால சாலிடாரிட்டின்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தன காண்ட்ராக்டு நடுவுல வெளிநாட்டு கிளப்பு காசு குடுத்து வாங்குனா அந்த காசுல 5 சதவீதம், 12 வயசுல இருந்து 23 வரைக்கும் அவன வளத்த கிளப்புகளுக்கு பிரிச்சு போவணும். 12-ல இருந்து 15 வரைக்கும் உள்ள சீசன் ஒவ்வொண்ணுக்கும் மொத்த காசுல கால் சதவீதம், 16-ல இருந்து அர சதவீதம். கொக்கு 12-ல இருந்து 18 வரைக்கும் நம்மட்டதான், ரெண்டரை சதவீதம் ஆச்சா. இப்ப அவன் சும்மாத்தான் போறான், அதனால இதுல பைசா வராது. ஆனா நாளைக்கே எவனாவது வெளிய இருந்து ஒரு கோடி குடுத்து வாங்குனான்னு வையி, நமக்கு ரெண்டரை லச்சம். மைதானத்துக்கு லைட்டு போட்டுரலாம்லா.

இதுல ஒரு முடிச்சு இருக்கு. 2022 நவம்பர்ல இருந்து பாரிஸ்ல க்ளியரிங் ஹவுஸ்னு ஒண்ண வச்சு அது வழியாத்தான் காசு பிரிக்கானுவ, ப்ளேயர் பாஸ்போர்ட்ல எந்த வருசம் எந்த கிளப்புன்னு பதிவு இருக்கோ அதுபடிதான். மைதானத்துல எவன் தண்ணி ஊத்துனான், எவன் பூட்ஸு வாங்கி குடுத்தான்னுலாம் அவனுக்கு தெரியாது. 16-ல இருந்து உள்ளது நான் ஏத்துனது, எல்லாம் சரியா இருக்கு. அதுக்கு முந்தி உள்ள நாலு வருசமும் நீதான் செக்ரட்டரி. ஃபெடரேஷன்ல ப்ளேயர பதிவு பண்ணுத வெப்சைட்டு, அந்த சிஆர்எஸ்ல நீ அவன ஏத்துனியா இல்லியா? ஏத்துனேன்னு அன்னைக்கு டீக்கடைல சொன்னது ஞாபகம் இருக்கு, ஆனா லாகின் ஒன் பழைய மெயில்ல இருக்கு, ஓடிபி போறது நீ தூத்துக்குடில வாங்குன அந்த சிம்முக்கு. லெஸ்டர்க்காரன் 2017-ல அட்ரியன் சில்வா பேப்பர 14 செகண்டு லேட்டா ஏத்துனான், ஜனவரி வரைக்கும் அவன மேட்ச்ல எறக்க முடியல. நாம நாலு வருசத்த தொலச்சுட்டு நிக்கப்படாது.

அத்தைட்ட கேட்டேன், ஒன் பச்ச ட்ரங்கு பெட்டி பரண்லதான் கெடக்காம், ஜில்லா சங்கத்துக்கு சந்தா கட்டுன ரசீது, ரிஜிஸ்தர் எல்லாம் அதுல இருக்கலாம்னாவ. மேல ஏறி எடுக்க நான் ரெடி, ஆனா பூட்டு போட்டிருக்கு, சாவி எங்கன்னு ஒனக்குத்தான் தெரியும். உள்ள வேற என்ன வச்சிருக்கன்னு நான் பாக்க மாட்டேன், அத்தை பக்கத்துல நிப்பாவ, அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

அடுத்து எந்த போர்ட்ல எறங்குத, எப்ப சிக்னல் இருக்கும்னு எழுது. பழைய சிம்ம ரோமிங்ல உயிர் குடுக்க முடியுமான்னு பாரு. ஓடிபி வந்த ஒடனே செத்துரும், அதனால நேரத்த முன்னாடியே சொல்லு, நான் ப்ரவுசிங் சென்டர்ல சிஸ்டம் முன்னால உக்காந்திருக்கேன். இந்த ரெண்டரை லச்ச கணக்க மட்டும் குட்டையன்ட்ட சொல்லிராத, வராத காசுக்கு இப்பமே ஜெர்சி ஆர்டர் குடுத்துருவான்.

ஒன்
மச்சான்