உங்கள் செயற்கைக்கோள் எண்ணி வைத்திருப்பதை எங்களுக்கும் காட்டுங்கள்

ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களைத் தாழ்வான சுற்றுப்பாதையில் ஓடவிட்டிருக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அவர்களுக்கு மேலே உட்கார்ந்து முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம். விண்வெளிக் கதிர்வீச்சுத் தரவோடு பிழைப்பு நடத்தும் ஆள் நான். பொதுவில் கிடைக்கும் கோப்புகளை இறக்கி, வரைபடம் போட்டு, எந்தச் சூரியப் புயலுக்குப் பிறகு எந்த உயரத்தில் எலக்ட்ரான் கூடியது, எத்தனை நாள் அடங்காமல் இருந்தது என்று பார்ப்பதுதான் தினப்படி வேலை. உங்கள் செயற்கைக்கோள்கள் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கும் மெமரிப் பிழைக் கணக்கைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். முடிந்தால் அடுத்த தொகுப்பில் ஒரு சின்னத் துகள் உணரியும் வையுங்கள். இரண்டாவது நடக்காவிட்டாலும் முதலாவதை நான் விடுவதாக இல்லை.

இப்போது நிலைமை என்ன? சூரியனிலிருந்து வருவதைப் பார்க்க, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 என்ற புள்ளியில் காவல் போட்டிருக்கிறார்கள். 1997-இல் ஏவிய ஏஸ், 2015-இல் டிஸ்கவர், 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்த ஆதித்யா எல்1 என்று வரிசையாக. சூரியக் காற்று அங்கே தாண்டினால் இங்கே வந்து சேர கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். 36,000 கிலோமீட்டரில் கோஸ் என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் எலக்ட்ரான், புரோட்டான் எண்ணிக்கையை விடாமல் அனுப்புகின்றன. சரி, நீங்கள் குடியிருக்கும் 500, 600 கிலோமீட்டரில்? அதற்குச் சற்று மேலே துருவப் பாதையில் ஓடும் சில வானிலைச் செயற்கைக்கோள்கள், அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆய்வுக் கருவிகள். அலை வருகிறது என்று கூவ ஆள் இருக்கிறது, படகுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று பார்க்கத்தான் ஆள் போதவில்லை. படகுகளோ பெரும்பாலும் உங்களுடையவை.

மெமரிப் பிழை என்றால் என்ன என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மேலே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வேகமாக வரும் புரோட்டான் சிப்புக்குள் ஒரு சிலிக்கான் அணுக்கருவை இடிக்கிறது. தெறித்த துண்டு போகிற வழியெல்லாம் மின்னூட்டத்தை உதிர்க்கிறது. அது ஒரு பிட்டில் போய் விழுந்தால் 0 இருந்த இடத்தில் 1. பிழைதிருத்தும் பகுதி மெமரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே வந்து, அதைச் சரிசெய்துவிட்டு, ஒரு கவுன்ட்டரில் ஒன்றைக் கூட்டி வைக்கிறது. அந்த எண் பேட்டரி மின்னழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றோடும் தரைக்கு இறங்கி, ஏதோ ஒரு சர்வரில் தூங்குகிறது. எண் திடீரென்று எகிறினால் ஒருவர் திறந்து பார்ப்பார், இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அந்தத் தூங்கும் எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று 1984-இல் போன யூஓசாட்-2 என்ற சின்னச் செயற்கைக்கோள் காட்டியது. அதன் மெமரிப் பிழைகள் எங்கெங்கே நடந்தன என்று உலகப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் தெற்கு அட்லாண்டிக்குக்கு மேலே போய் அப்பிக்கொண்டன. பூமியின் காந்தப்புலம் வலுவிழந்து, பூமியைச் சுற்றித் துகள்கள் சிக்கிக் கிடக்கும் கதிர்வீச்சு வளையம் தாழ இறங்கும் இடம் அது. ஒரே ஒரு செயற்கைக்கோள், அதுவும் இதற்கென்று செய்யாதது, அந்த ஓட்டையின் உருவத்தை வரைந்து கொடுத்தது. உங்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சூரியப் புரோட்டான்கள் புயல் நேரத்தில் துருவத்திலிருந்து நடுக்கோட்டுப் பக்கம் எவ்வளவு தூரம் இறங்குகின்றன, எத்தனை நிமிடத்தில் பின்வாங்குகின்றன என்பதை உங்கள் கவுன்ட்டர்களை வைத்தே பார்க்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்களில் திசை பார்க்க வைத்த சாதாரண காந்தமானிகளைக் கொண்டே, ஆம்பியர் திட்டத்தில் துருவங்களுக்கு மேலே பாயும் மின்னோட்டங்களை உலகளாவிய படமாக்கினார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இருந்த துகள் உணரிகளின் பல ஆண்டுத் தரவு, ராணுவச் சொத்தாக இருந்தும், 2017-இல் வெளியே வந்தது. ராணுவமே கொடுத்துவிட்டதையா நீங்கள் பூட்டி வைக்கப் போகிறீர்கள்?

உங்கள் குலமுதல்வர் கதையும் இருக்கிறது. 1962 ஜூலை 10-இல் போன டெல்ஸ்டார், ஏடி அண்ட் டி என்ற தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள். அதற்கு முதல் நாள்தான் ஸ்டார்ஃபிஷ் பிரைம் என்று பசிபிக்குக்கு 400 கிலோமீட்டர் மேலே அமெரிக்கா அணுகுண்டு வெடித்து, கதிர்வீச்சு வளையம் முழுக்க எலக்ட்ரானை வாரி இறைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தார் டெல்ஸ்டாரில் துகள் உணரிகளும் வைத்திருந்தார்கள். கதிர்வீச்சு பட்டே அது சில மாதங்களில் படுத்துவிட்டது; எவ்வளவு அடி வாங்கியது என்ற கணக்கை அதுவே அனுப்பியது, அவர்களும் 1963-இல் தங்கள் ஆய்விதழில் அச்சிட்டார்கள்.

உணரி வைப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. வெறும் எண்ணை மட்டும் நம்பினால் மோசம் போவோம். 1958-இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1-இன் கைகர் கவுன்ட்டர் (துகள் எண்ணும் குழாய்) அதிக உயரத்தில் பூஜ்யம் காட்டியது. அங்கே துகளே இல்லை என்று அர்த்தமில்லை, கவுன்ட்டர் மூச்சுவிட முடியாத அளவு துகள்கள். ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே காட்டி அதேபோல ஒரு குழாயைத் திணறவைத்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கவுன்ட்டரை வைத்த வான் ஆலன் குழுவுக்கு உறுதியானது. அதனால் உணரி செயற்கைக்கோளின் எந்த மூலையில் இருக்கிறது, முன்னால் எத்தனை மில்லிமீட்டர் அலுமினியம், எந்த எண்ணிக்கையில் திணறும், இதையும் சேர்த்துக் கொடுங்கள். அலுமினியத் தடிமன் தெரியாத தரவோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன், அந்த எரிச்சலில் எழுதுகிறேன். (கருவிகளும் சாகும்: செவ்வாயைச் சுற்றிய ஒடிசியில் கதிர்வீச்சை அளக்கவே வைத்த மேரி என்ற கருவி, 2003 அக்டோபர் சூரியப் புயலில் போய்விட்டது.)

எடை, மின்சாரம் என்று ஆரம்பிக்காதீர்கள். கொலராடோ மாணவர்கள் 2012-இல் செருப்புப் பெட்டி அளவு கியூப்சாட் ஒன்றில் எலக்ட்ரான் உணரி வைத்து அனுப்பினார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதித் தெறிக்கும் நியூட்ரான்கள் சிதைந்து, கதிர்வீச்சு வளையங்களில் உள்ளே இருப்பதன் ஓரத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கின்றன என்பதை அந்தப் பெட்டியின் தரவுதான் 2017-இல் காட்டியது.

மிச்சமிருப்பது வணிக ரகசியம். எந்தச் சிப் எத்தனை முறை தடுமாறியது என்று போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயம்தான், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் 49 ஏவி, ஒரு சாதாரண காந்தப் புயலில் வளிமண்டலம் உப்பி, அதன் இழுவையில் 38 கீழே விழுந்துபோனதை அந்த நிறுவனமே சொன்னது. பிறகு அதன் பொறியாளர்களும் அரசு விண்வெளி வானிலை ஆட்களும் சேர்ந்து கட்டுரையும் எழுதினார்கள். சொன்னதால் யாரும் கடையை மூடவில்லை. சிப்பின் பெயர் வேண்டாம், உங்கள் செயற்கைக்கோளின் எண்ணும் வேண்டாம். பிழை எண்ணிக்கையை அந்தந்தச் செயற்கைக்கோளின் அமைதியான நாள் சராசரியால் வகுத்துக் கொடுத்தால் கூடப் போதும். ஒரு வாரம் தாமதமாகக் கொடுங்கள். இடம் மட்டும் கட்டாயம் வேண்டும், அதில் மறைக்க என்ன இருக்கிறது, உங்கள் சுற்றுப்பாதை ஏற்கெனவே ஊருக்கே தெரியும்.

ஆக, ஒரு வரிக்கு ஐந்து எண்: நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், பிழை. 2024 மே 10, 11 தேதிகளில் இருந்து ஆரம்பியுங்கள். 2003-க்குப் பிறகு வந்த முதல் ஜி5 (காந்தப் புயல் அளவுகோலின் உச்சப் படி) புயல் அது, அந்த இரண்டு நாள் கோப்பு உங்கள் சர்வரில் எங்காவது கட்டாயம் இருக்கும்.