இதழின் உரிமை யாரிடம் இருக்க வேண்டும்? உள்ளூர் இதழ் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு அச்சகத்தின் மடல்

அன்புடையீர், வணக்கம்.

காகித விலை ஏறிவிட்டது, இனி இதழை நடத்தக் கட்டுப்படியாகாது என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம். எட்டுப் பக்க டேப்ளாய்டு (சிறிய அளவுச் செய்தித்தாள்) என்பது 66க்கு 54.6 செ.மீ. அளவுள்ள ஒரே தாள். சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள (45 ஜி.எஸ்.எம்.) நியூஸ்பிரிண்டில், அதாவது செய்தித்தாள் காகிதத்தில், அதன் எடை 16 கிராம் சொச்சம். கிலோவுக்கு அறுபது பிரதி வரும். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் பிரதிக்குப் பதினேழு காசுதான் கூடும்.

அடி விழுவது, விற்கக்கூடிய முதல் பிரதி வெளிவருமுன் ஆகும் செலவில். தாளின் ஒரு புறம் நான்கு வண்ணம், மறுபுறம் கறுப்பு என்றால் வண்ணத்துக்கு ஒன்றாக ஐந்து பிளேட் (அச்சுத் தகடு) வேண்டும். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி, மையும் தண்ணீரும் சமநிலைக்கு வருமுன் முந்நூறு பிரதிவரை கழிவாகும். ஐயாயிரம் அடித்த காலத்தில் அது நூற்றுக்கு ஆறு. ஆயிரமாகக் குறைந்ததும் நூற்றுக்கு முப்பது. பிளேட் செலவோ அப்படியே இருக்கிறது. ஆயிரத்துக்கு வந்துவிட்ட இதழ்கள் தயங்காமல் வண்ணத்தை விடுங்கள். இரண்டே பிளேட் போதும், வண்ணம் பொருத்தும் வேலையே இல்லை, கழிவும் பாதிக்குக் கீழே இறங்கும்.

இது சில மாதம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவே. பள்ளிச் சேர்க்கை, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன. அந்தப் பள்ளத்தை நிரப்ப முன்வருபவர் பெரும்பாலும் மனை விற்பவர், ஒப்பந்ததாரர் அல்லது தேர்தலில் நிற்க நினைப்பவர். டைட்டில், அதாவது பதிவு செய்த இதழ்ப் பெயரின் உரிமை, அவர் கைக்குப் போனால், நகராட்சிக் கூட்டத்தில் எந்த டெண்டரை யார் எதிர்த்தார் என்ற செய்தி ஊருக்குக் கிடைக்காது.

தனி ஒருவர் பெயரில் இருப்பதும் ஆபத்துதான். இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் உரிமையாளர் சி.பி. ஸ்காட் 1932இல் இறந்தார். சில மாதங்களில் மகன் டெட் ஸ்காட்டும் ஏரியில் மூழ்கி இறந்தார். இன்னொரு சாவு நேர்ந்தால் வாரிசு வரிக்காகவே பத்திரிகையை விற்க வேண்டிவரும் என்று கண்ட மற்றொரு மகன் ஜான், 1936இல் அதை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். தயாள் சிங் மஜீதியா 1881இல் லாகூரில் தொடங்கிய ட்ரிப்யூன் நாளிதழும், 1898இல் அவர் காலமானபின் உயில்படி அறக்கட்டளைக்குப் போனது. பிரிவினையில் ஊரையே விட்டு வந்தும் சண்டிகரிலிருந்து இன்றும் வெளிவருகிறது.

சிறு இதழுக்குச் சந்தாதாரர் சங்கமே பொருத்தம் என்பது எங்கள் உறுதியான கருத்து. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம். எவ்வளவு பணம் போட்டாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு, விளம்பரதாரரும் கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் நிர்வாகக் குழுவில் கூடாது, பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் டைட்டிலை விற்கக் கூடாது: இம்மூன்றையும் விதிகளில் கட்டாயம் எழுதுங்கள். சந்தா முன்கூட்டியே வந்துவிடுவதால் எத்தனை பிரதி அடிப்பது என்பதும் தெரிந்துவிடும். விற்காத பிரதிகள் கடையிலிருந்து ரிட்டர்ன் வந்து பழைய பேப்பர் விலைக்குப் போகாது.

சங்கத்தைப் பதிந்துவிட்டு டைட்டிலை மாற்றாமல் விட்டால் பயனில்லை. பத்திரிகைகளுக்கான 2023ஆம் ஆண்டின் புதிய பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரிகைப் பதிவுக்கான அரசு இணையதளமான பிரஸ் சேவா போர்ட்டலில் உரிமை மாற்றம் பதிவாகும்வரை சட்டப்படி பழையவரே உரிமையாளர். அதுவரை இதழையும் நிறுத்தாதீர்கள். தொடர்ச்சியாக வெளிவராவிட்டால் பதிவையே நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமுண்டு.

அச்சகமும் உரிமையாளராகக் கூடாது. பில் பாக்கி ஏறிக்கொண்டே போய், கடைசியில் டைட்டிலையே அச்சகத்துக்கு எழுதிக்கொடுக்கும் நிலை வரக்கூடும். நாங்கள் அப்படி வாங்க மாட்டோம். டைட்டிலைச் சந்தாதாரர் சங்கத்துக்கு மாற்றுகிறவர்களின் பாக்கியை வட்டியில்லாமல் பன்னிரண்டு மாதத் தவணையில் பெற்றுக்கொள்கிறோம். விதிமுறைகளின் மாதிரிப் படி ஒன்றை அடுத்த பில்லோடு அனுப்புகிறோம். திருத்தம் இருந்தால் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அச்சக நிர்வாகம்