திறந்து வைத்தது யார்?

மென்பொருள் நிறுவனங்களில் டிஃபால்ட் செட்டிங் (யாரும் மாற்றாதவரை தானாக இருக்கும் அமைப்பு) எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் விற்கும் மென்பொருளை நிறுவிப் பராமரிக்கிற சிஸ்டம் அட்மின்களில் ஒருவராக இதை எழுதுகிறேன். எங்காவது தரவு கசிந்தால் உங்கள் தரப்பிலிருந்து வரும் அறிக்கை எங்களுக்கு மனப்பாடம்: தயாரிப்பில் குறை இல்லை, வாடிக்கையாளர்தான் சரியாக அமைத்துக்கொள்ளவில்லை. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

2021இல் மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆப்ஸில் நடந்ததைப் பாருங்கள். அதில் உருவாக்கப்பட்ட இணையதளங்கள் வழியாக சுமார் 3.8 கோடி பதிவுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்ததை அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்த ஆகஸ்டில் வெளிக்கொண்டு வந்தது. கொரோனா தொற்றுத் தடமறிதல் விவரங்கள், தடுப்பூசி முன்பதிவுகள், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் அடையாள எண்கள் எல்லாம் அதில் அடக்கம். யாரும் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. ஒரு பட்டியலின் தரவை வெளியே தரும் வசதியை இயக்கினால், யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டைத் தனியாகப் போய் இயக்க வேண்டியிருந்தது. தானாக அது வரவில்லை. ஆவணத்தில் எச்சரிக்கை இருந்தது, உண்மைதான். ஆனால் மாட்டிக்கொண்ட 47 அமைப்புகளில் மைக்ரோசாஃப்ட்டும் ஒன்று! தயாரித்தவர்களே கவனிக்காமல் விட்ட செட்டிங்கை வெளியாள் கவனித்திருக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? அப்கார்டு முதலில் புகார் கொடுத்தபோது, இது வடிவமைப்பின்படியே இயங்குகிறது என்ற பதில்தான் கிடைத்தது. விவகாரம் பெரிதானபிறகு கட்டுப்பாடு தானாகவே இயங்கும்படி மாற்றினார்கள். ஆக, மாற்ற முடிகிற ஒன்றாகத்தான் அது முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருளிலும் இதே கதைதான். அதன் ஆரம்பப் பதிப்புகள் நிறுவியவுடன் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் இணைப்பை ஏற்றன, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. 2017 ஜனவரியில் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை யாரோ அழித்துவிட்டு, பிட்காயின் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து, எந்த வழியில் நிறுவினாலும் 127.0.0.1 என்ற உள்முகவரியில், அதாவது அதே கணினியிலிருந்து மட்டுமே இணைப்பை ஏற்கும்படி செய்தார்கள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி. சில நிறுவல் பொதிகளில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்த வரி இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏன் திறந்தே அனுப்புகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. நிறுவிய ஐந்தாவது நிமிடம் எல்லாம் ஓட வேண்டும், உதவி மையத்துக்கு அழைப்பு குறைய வேண்டும், பழைய பதிப்போடு ஒத்துப்போக வேண்டும். நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த லாபம் உங்கள் கணக்கில் ஏறுகிறது, கசிவின் நஷ்டம் உங்கள் பெயரையே கேள்விப்படாத ஒரு நோயாளியின், ஒரு விண்ணப்பதாரரின் தலையில் விழுகிறது. உரிம ஒப்பந்தத்தில் 'உள்ளபடியே வழங்கப்படுகிறது' என்று ஒரு வரி சேர்த்து அந்தக் கணக்கை முடித்தும் விடுகிறீர்கள்.

எங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. நீங்கள் மூடி அனுப்பியதை நாங்கள் திறந்தால் பழி எங்களுடையது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2016இல் மிராய் என்ற தீம்பொருள் பரவியபோது பயனர் என்ன செய்திருக்க முடியும்? தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட அறுபது சொச்சம் பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டே அது கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அப்படிப் பிடித்தவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை (தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருவது)த் தாக்கியதில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. அந்தச் சாதனங்கள் சிலவற்றில் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டெல்நெட்டின் பாஸ்வேர்டை உரிமையாளர் நினைத்தாலும் மாற்றவே முடியாது.

சட்டம் இப்போதுதான் மெல்ல நகர்கிறது. இணையத்தோடு இணையும் நுகர்வோர் சாதனங்களை எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டோடு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் பாதுகாப்பான டிஃபால்ட்டையே கடமையாக்குகிறது, அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியின் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் அரண்) மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட்டில் தானாக இயங்க வைத்தது 2004இல், எந்தச் சட்டமும் கேட்காமல்.

எனவே கேட்கிறேன். பாஸ்வேர்டு வைக்காமல் சேவை தொடங்கவே கூடாது. வெளி நெட்வொர்க்குக்குத் திறக்க வேண்டுமானால் அட்மின் தெரிந்தே ஒரு செயலைச் செய்யட்டும், அது லாகில், அதாவது செயல்பாட்டுப் பதிவேட்டில், பதியட்டும். அந்த லாகைப் பார்ப்பதற்குத் தனியாகப் பணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. புதிய பதிப்பில் டிஃபால்ட்டை மாற்றிவிட்டோம் என்று அறிவிக்கிறீர்கள். ஆனால் அப்டேட் செய்யும்போது பழைய அமைப்புக் கோப்பு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. நேற்று உங்களை நம்பி வாங்கியவர் திறந்தேதான் இருக்கிறார். அப்டேட் செய்யும் நேரத்திலேயே பழைய செட்டிங்கைக் கண்டுபிடித்து, திரையை மறித்து, மூடவா என்று கேளுங்கள். ஏற்கெனவே விற்ற பதிப்புகளுக்கு இதை எப்போது செய்வீர்கள் என்று ஒரு தேதியோடு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்