பாதி சரி, கண்ணு

அம்மிணி,

கனடாவிலிருந்து நீ அனுப்பின மளிகை பில்லைப் பார்த்தோம். உங்கப்பா கண்ணாடியை மாட்டி டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். "விலை ஏறுவதெல்லாம் கம்பெனிக்காரன் கொள்ளைதான்" என்கிறாய். மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், பாதிதான் சரி.

2025இல் தேங்காய் எண்ணெய் அப்படி ஏறியதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை ஈயும் வறட்சியும் காய்ப்பைக் கெடுத்துவிட்டன. பெருந்துறை ஏலத்தில் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. காய் வரத்தில்லாமல் காங்கேயத்தில் உலர்களங்கள் சும்மா கிடந்தன. காய் வைத்திருந்த தோட்டக்காரர் நாலு காசு பார்த்தார், பார்க்கட்டுமே.

எனக்கு ஆத்திரம் வருவது பாமாயில், சூரியகாந்தி எண்ணெயில்தான். 2024 செப்டம்பரில் இறக்குமதி வரியைக் கூட்டினார்கள். பழைய வரியில் வந்த சரக்கு தீரும்வரை விலையை ஏற்ற வேண்டாம் என்று மத்திய அரசே கம்பெனிகளிடம் சொன்னது. நம் கடைக்கு அந்த வாரமே புது விலை வந்துவிட்டது! கம்பெனிக்காக ஆர்டர் எடுக்க லைனுக்கு வரும் பையனைக் கேட்டால், "எனக்கே காலைலதான் வாட்ஸ்அப்ல வந்துச்சுக்கா" என்கிறான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? 2025 மே மாதக் கடைசியில் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு வரியைக் குறைத்தார்களே, அப்போது அந்த வேகத்தைக் காணோம்.

அப்புறம் இந்தக் கவர் சமாச்சாரம். ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் இருக்கும். இப்போது அதே உயரம், அதே படம் போட்டு ஒரு கவர் வருகிறது. பின்னால் பொடி எழுத்தில் 800 கிராம். உன் அம்மாயி கையில் தூக்கியதுமே "எளச்சுப் போச்சே" என்றுவிட்டார். ரேஷனில் பாமாயில் 25 ரூபாய்க்கும் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் கிடைக்காவிட்டால் மில்லுக்குப் போகிற பெண்கள் பாடு திண்டாட்டம்தான்.

உன் ஊர் ரொட்டிக் கதையும் படித்தேன். கூடிப் பேசி விலை ஏற்றியதை ஒப்புக்கொண்டு, 'கனடா பிரெட்' என்கிற கம்பெனி 2023இல் 5 கோடி டாலர் அபராதம் கட்டியதாமே. அது கொள்ளை, சந்தேகமே இல்லை. ஆனால் மழை பொய்த்து ஏறுகிற விலையையும் அதே கணக்கில் எழுதினால், நிஜமாகவே திருடுகிறவன் அதற்குள் ஒளிந்துகொள்வான்.

சரி, உன் கொழுந்தனார் அடுத்த மாதம் கிளம்புகிறாராமே. செக்கெண்ணெய் ரெண்டு லிட்டர் கொடுத்துவிடட்டுமா, அரப்புத்தூள் மட்டும் போதுமா? பெட்டி எடையைக் கேட்டுச் சொல்.

அம்மா