நரம்பு கிளைப்பது வேறு, பலம் கூடுவது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாகச் சாகும் மோட்டார் நியூரான் நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு மறுபடி வளரும் என்று வரும் விளம்பரங்கள் பற்றி எழுதுகிறேன். நான் திருச்சியில் இயன்முறை மருத்துவர். என்னிடம் பயிற்சிக்கு வரும் தையல்காரர் ஒருவர் நிலத்தை அடமானம் வைத்து ஒரு தனியார் மையத்தில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார். அப்புறம் எடுத்த இ.எம்.ஜி. (தசையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) அறிக்கையில் நரம்புக் கிளைப்பு தெரிகிறது என்று சொல்லி, அடுத்த ஊசிக்கும் பணம் கேட்கிறார்கள்.

அந்தக் கிளைப்புக்கு ஊசியே தேவையில்லை. இந்த நோயில் ஒரு நரம்புச் செல் செத்தால், அது இயக்கிவந்த தசை நார்கள் அநாதையாகிவிடும். பக்கத்தில் பிழைத்திருக்கும் நரம்பு கிளைவிட்டு அவற்றையும் ஏற்றுக்கொள்ளும். எந்தச் சிகிச்சையும் எடுக்காதவருக்கும் இ.எம்.ஜி.யில் இது பெரிய அலைகளாகத் தெரியும். நரம்புகள் கணிசமாகப் போன பிறகும் கையில் பலம் கொஞ்ச காலம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். இழப்பு கிளைப்பை முந்தியதும் பலம் இறங்கிவிடும்.

ஆகவே பலத்தையே நேராக அளக்க வேண்டும். கையால் அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவது போதாது. அதில் 4 என்பதற்குள் பெரிய வித்தியாசங்கள் அடங்கிவிடும். இந்தத் தையல்காரருக்கு டைனமோமீட்டரில் பிடிபலம் 24 கிலோவிலிருந்து 17 கிலோவுக்கு இறங்கியது. மதிப்பெண் இரண்டு முறையும் 4தான்! கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்பைரோமீட்டரில் மூச்சளவையும் பார்க்க வேண்டும், உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மூச்சுத் தசைகள் தளர்வதால்தான் வருகிறது.

இந்நோயில் 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்த 'மெட்ராஸ்' வகை இளவயதில் வரும், காது கேளாமையும் சேரும், ஆனால் மிக மெதுவாகவே முற்றும். அத்தகையவருக்கு எதைக் கொடுத்தாலும் நோயை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிட முடியும். பழைய அளவுகள் கையில் இருந்தால்தான் குடும்பத்தார் எதிர்க்கேள்வி கேட்க முடியும்.

அரசு மருத்துவமனைகளின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகளில் ஒவ்வொரு முறையும் பிடிபலத்தையும் மூச்சளவையும் நோயாளியின் சீட்டிலேயே குறித்துத் தர வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இந்நோய்க்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தரக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை. உங்கள் நாளிதழும் இத்தகைய விளம்பரங்களை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓர் இயன்முறை மருத்துவர், திருச்சி